கரண்டு போனாலும் ஓடும் என்று சொன்னவர்கள்

ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வருகிறது. கூப்பிடுவது என் கீழே வேலை பார்த்த இளம் பொறியாளர்கள். "மேடம், ஒரு மாவு மில்லுக்கு சோலார் அப்ளிகேஷன் வந்திருக்கு, என்னென்ன பாக்கணும்?" என்பார்கள். சொல்வேன். சொல்லி முடித்ததும் பெரும்பாலும் இன்னொரு கேள்வி வரும். "இதையெல்லாம் நேர்ல போய்த்தான் பாக்கணுமா மேடம்? போட்டோ அனுப்பச் சொன்னா போதாதா?"

அந்த இடத்தில் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடுகிறது. போனில் கத்திவிட்டு மாத்திரை போட்டுக்கொள்வதைவிட ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். யாருக்காவது உறைத்தால் சரி.

மின் விநியோக வேலையில் இளநிலைப் பொறியாளராக நான் சேர்ந்தபோது, கடலூர் வட்டாரத்தில் களத்துக்குப் போகும் பெண்கள் அபூர்வம். கம்பத்தடியில் நான் நின்றால், வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கக் கூட்டம் கூடும். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், ஜீப், ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சாய்ந்து கிடக்கும் கம்பங்கள், பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத துணை மின்நிலையங்கள். தொழில் என்று நான் கற்றுக்கொண்டது உதவிச் செயற்பொறியாளர் தணிகாசலம் சாரிடம்தான்.

அவர் சத்தம் போடவே மாட்டார். சிரிக்கவும் மாட்டார். ஒரு லைனில் வேலை என்றால் ஜீப்பை விட்டு இறங்கி நேராக டிரான்ஸ்பார்மருக்குப் போவார். சுவிட்ச் திறந்து மின்சாரம் நின்றிருக்கிறதா என்று தன் கண்ணால் பார்ப்பார். தன் பூட்டைப் போட்டுப் பூட்டுவார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு பொத்தானை மாட்டுவார். அதுவரை யாரோடும் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிறகு கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்வார். இல்லை என்று தெரிந்த பிறகும் எர்த் ராடு மாட்டாமல் ஒருவரையும் ஏறவிடமாட்டார். எர்த் ராடு என்பது நுனியில் கொக்கி வைத்த நீளமான கழி. கொக்கியிலிருந்து வரும் தடித்த செம்பு ஒயர், தரையில் அடித்த இரும்புக் கம்பியோடு சேரும். செத்துக் கிடக்கும் லைனில் எப்படியாவது மின்சாரம் வந்துவிட்டாலும், அது ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும்.

அதை வேலை செய்பவனுக்கு இரண்டு பக்கமும் மாட்டச் சொல்வார். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் ஒரு நாள் வேலை. வயதான லைன்மேன் ஒருவர் சலித்துக்கொண்டார்.

"சார், கரண்டு வர்ற பக்கம் கட்டியாச்சு. இந்தப் பக்கம் லைனோட கடைசிக் கம்பம். எங்கேருந்து சார் வரும்?"

"எங்கேருந்து வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. கட்டு."

அவ்வளவுதான் பேச்சு. லைன்மேன் கட்டினார். தணிகாசலம் சாரின் காலத்தில் எங்கள் பகுதியில் ஒருவரும் கம்பத்தில் சாகவில்லை. அவருக்கு யாரும் விருது கொடுத்ததாகவும் எனக்கு நினைவில்லை.

நான் உதவிப் பொறியாளராகி, கடற்கரையை ஒட்டிய ஒரு பிரிவு அலுவலகத்துக்குப் பொறுப்பேற்ற காலத்தில்தான் கடைகளும் மில்களும் கூரையில் சூரியத் தகடுகளைப் போடத் தொடங்கின. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் சோலாருக்கு எதிரி இல்லை. புவனகிரியில் ஒரு மரம் அறுக்கும் பட்டறைக்காரரை நானே போய்ப் பேசிப் போடவைத்தேன். பகலில் ஓடும் தொழிலுக்கு அதைவிட நல்ல காரியம் கிடையாது. என் கோபமெல்லாம் அதை விற்க வருகிறவர்கள் மேல்தான். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் மேலும்தான்.

பரங்கிப்பேட்டைக்குப் போகிற சாலையில் ஜமால் பாய் ஒரு மீன் கூடம் வைத்திருந்தார். துபாயில் ஏசி மெக்கானிக்காகப் பல காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். படகுக்காரர்களிடம் மீனும் நண்டும் வாங்கிச் சுத்தம் செய்து, குளிர் அறையில் வைத்து, லாரியில் ஏற்றி அனுப்புவார். சுத்தமான இடம். வேலை செய்யும் பெண்களுக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுத்திருந்தார். அவருடைய பெரிய தலைவலி மின்வெட்டு. குளிர் அறை நின்றால் மீன் போச்சு. ஜெனரேட்டர் வைத்திருந்தார். ஆனால் "டீசல் குடிச்சே அது என்னை அழிச்சிடும்" என்பார்.

அவருடைய சோலார் விண்ணப்பம் வந்ததும் நேரில் போனேன். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் விற்பனைக்காரன் சதீஷ் அங்கே இருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, காதில் மாட்டிய ப்ளூடூத். மூவரும் கூரைக்கு ஏறினோம். பாதிக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கால் வைத்தால் உடையும். அதன்மேல் தகடு போடத் திட்டம் வரைந்திருந்தான். கடல் உப்புக்காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில், அடுத்த மழைக்குள் துருப்பிடித்துவிடும் சாதாரண போல்ட்டைக் காட்டினான். அதையெல்லாம் மாற்றச் சொன்னேன். தலையை ஆட்டினான். கீழே இறங்கும்போது ஜமால் பாய் என்னிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"இனிமே கரண்டு போனா கவலையில்லம்மா. மேல வெயில் இருக்குற வரைக்கும் குளிர் ரூம் ஓடிடும்."

"யார் சொன்னது?"

அவர் சதீஷைப் பார்த்தார். சதீஷ் போனைப் பார்த்தான்.

"பாய், நல்லா கேட்டுக்குங்க" என்றேன். "இது நம்ம லைனோட சேர்ந்து ஓடுற சிஸ்டம். லைன்ல கரண்டு இல்லன்னா இந்த இன்வெர்ட்டர் தானா நின்னுடும். வெயில் கொளுத்தினாலும் ஓடாது."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "தம்பி, கரண்டு போனாலும் ஓடும்னு சொன்னியே?"

"மேடம் சொல்றது டெக்னிக்கலா கரெக்ட் பாய். ஆனா அதுக்கெல்லாம் வழி இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

"என்ன வழி?" என்று கேட்டேன். "பேட்டரி வைக்கப் போறியா?"

"பேட்டரி ஜாஸ்தி ஆகும் மேடம். தேவையில்ல."

"அப்பறம் என்ன வழி?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. சூரியத் தகடு கொடுக்கும் மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் வகைக்கு மாற்றித் தருகிற பெட்டிதான் இன்வெர்ட்டர். அது எங்கள் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் அந்த நொடியே நின்றுவிடும். அதைக் குறை என்று நினைக்கிறார்கள். கம்பத்தில் ஏறியிருப்பவன் உயிரோடு இறங்குவதற்காகச் செய்து வைத்த ஏற்பாடு அது. தொழிலுக்கு சோலார் போட நினைக்கும் ஒவ்வொருவரும் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: கரண்டு போனால் என்ன ஆகும்? பதில் சொல்லாமல் சிரிக்கிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மறுநாள் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். தணிகாசலம் சாருக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து போனார்கள். இவர் வேறு ரகம். யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார். "உக்காருங்க மேடம், டீ சாப்பிடுங்க" என்பார். பிஸ்கட் தட்டைக் கையால் நம் பக்கம் நகர்த்துவார். பேசிக்கொண்டே மேசைமேல் இருக்கும் பேனாக்களை ஒரே நேராக அடுக்குவார். கெட்ட வார்த்தை, உரத்த குரல் எதுவும் கிடையாது. களத்துக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், கஸ்டமரை ஏன் பயமுறுத்துறீங்க? கம்பெனிக்காரங்க ரொம்ப வருத்தப்படுறாங்க."

"உண்மையைச் சொன்னேன் சார்."

"உண்மைதான். ஆனா நம்ம டிவிஷன்தான் சோலார்ல கடைசியா இருக்கு. மேல கேக்குறாங்க. நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்." ஒரு பேனாவை நேராக்கினார். "நீங்க சொன்ன போல்ட், ஷீட் எல்லாம் மாத்திட்டாங்களாம். அப்பறம் என்ன?"

உண்மையில் மாற்றியிருந்தார்கள். நான் மறுபடி போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டரும் எங்கள் மின்சாரமும் ஒருபோதும் சேராதபடி இடையில் ஒரு மாற்றுச் சுவிட்ச் ஒழுங்காக இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் எங்கள் மின்சாரம், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். விதிப்படி எல்லாம் சரி. ஒப்புதல் கொடுத்தேன், எடுக்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டரை மாட்டினோம். கிளம்பும்போது ஜமால் பாயிடம் சொன்னேன்: "இந்தச் சுவிட்சில யாரையும் கை வைக்க வுடாதீங்க. எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

"சரிம்மா" என்றார்.

அவர் போன் செய்யவில்லை. நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த நீண்ட மின்வெட்டில், உச்சி வெயிலில், அத்தனை தகடுகளும் சும்மா கிடக்க, குளிர் அறை நின்றது. அவர் சதீஷோடு சண்டை போட்டார். சதீஷ் இரண்டு ஆட்களை அனுப்பினான். அவர்கள் ஜெனரேட்டரின் ஒயரை மாற்றுச் சுவிட்சைத் தாண்டி, சோலார் சேரும் பலகையிலேயே கொண்டுபோய் இணைத்தார்கள். ஜெனரேட்டரைப் போட்டால் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் வந்துவிட்டது என்று ஏமாந்து எழுந்துவிடும். டீசல் கொஞ்சம், வெயில் மிச்சம். "கரண்டு போனா முதல்ல மெயின இறக்கிடுங்க பாய், அப்பறம் ஜெனரேட்டரப் போடுங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூடத்தை ரோட்டுக் கம்பியிலிருந்து பிரிக்கும் அந்த மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் ஜெனரேட்டரின் மின்சாரம் ரோட்டுக் கம்பிக்குப் போகும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஓர் உயிருக்குக் காவலாக இருந்த இரும்புச் சுவிட்சை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மனிதனின் ஞாபகத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி மழைக்காற்றில் ஒரு நாள் அந்தச் சாலையில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தது. லைன்மேன் வேல்முருகனை அனுப்பினேன். சிதம்பரத்துக்காரர். நாற்பதைத் தாண்டிய, நிதானமான ஆள். கூட உதவிக்கு அவருடைய மாமன் மகனான வயர்மேன் ஐயப்பன். வேல்முருகன் டிரான்ஸ்பார்மரை அணைத்தார். சோதித்தார். மின்சாரம் வரும் பக்கத்துக் கம்பத்தில் எர்த் ராடு மாட்டினார். அறுந்த இடத்துக்கு அப்பால் இருப்பது வால் பகுதி, மீன் கூடமும் சில வீடுகளும். அந்தப் பக்கமும் மாட்ட இன்னொரு ராடு எங்கள் பிரிவில் இல்லை. வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கூட்டத்திலும் கேட்டேன். ஸ்டாக் வரட்டும் மேடம் என்பார்கள், பிஸ்கட் தட்டு நகரும். வேல்முருகன் அந்தப் பக்கத்தையும் சோதித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஏறினார்.

அப்போது கூடத்துக்குள் ஜமால் பாய் குளிர் அறையின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அன்று காலை நிறைய நண்டு வந்திருந்தது. மழை நின்று வெயிலும் அடித்தது. பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய் ஜெனரேட்டர் பொத்தானை அழுத்தினார். மெயினை இறக்கவில்லை.

ஐயப்பன் கீழே நின்றிருந்தார். மேலே ஓர் உறுமல் கேட்டது என்று பிறகு சொன்னார். "மச்சான், கையை எடுறா! கையை எடுறா!" என்று அலறினாராம். எடுக்க முடியவில்லை. இடுப்புப் பட்டையில் வேல்முருகன் தொங்கினார். ஐயப்பன்தான் ஜெனரேட்டர் சத்தம் கேட்டுக் கூடத்துக்குள் ஓடி, கண்ணில் பட்ட மெயினை அடித்து இறக்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வேல்முருகனை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். நான் கூடத்துக்குள் போய்ப் பலகையைத் திறந்தேன். மாற்றுச் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போகிற அந்தப் புது ஒயரைப் பார்த்தேன். முகத்தில் அறைந்ததைப் போல இருந்தது. வெளியே ஜமால் பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நிற்காமல் தாண்டிப் போனேன். பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

வேல்முருகன் பிழைத்தார். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. மருத்துவமனையில் அவருடைய மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலைக்குள்ளாகவே சதீஷின் ஆட்கள் வந்து கூடத்துப் பலகையைப் பழையபடி ஆக்கிவிட்டார்கள். மறுநாள் நான் போனபோது அந்த ஒயர் இல்லை. மாற்றுச் சுவிட்ச் பளபளவென்று தன் இடத்தில் இருந்தது.

மேலதிகாரி கூப்பிட்டார். டீ வந்தது. அறிக்கை தயாராக இருந்தது. ஊழியர் இருபுறமும் எர்த் செய்யாமல் கவனக்குறைவாகப் பணியில் ஈடுபட்டதே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தார்கள். சோலார் பற்றி ஒரு சொல் இல்லை.

"இன்னொரு ராடு எங்க சார் இருந்தது, கட்டுறதுக்கு?"

"அது வேற விஷயம் மேடம்."

"லைன்ல கரண்டு எங்கேருந்து சார் வந்தது? வானத்துலேருந்தா?"

"இன்ஸ்டலேஷன் சரியாத்தானே இருக்கு? நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கீங்க. கிளறினா உங்களுக்கும்தான் கஷ்டம். வேல்முருகனுக்கு வேலை போகாம நான் பாத்துக்கிறேன். கையெழுத்துப் போடுங்க."

என் பணிக்காலத்தில் அதிகாரி ஒருவர் முன்னால் நான் கத்தியது அன்று மட்டும்தான். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. வெளியே இருந்த குமாஸ்தாக்கள் எழுந்து நின்றதும், பேனா ஒன்று உருண்டு விழுந்ததும் நினைவிருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. அதனால் விசாரணை வைக்கவேண்டியதாயிற்று.

விசாரணையில் நான் பார்த்ததைச் சொன்னேன். சதீஷ் வந்திருந்தான், வக்கீலோடு. அப்படி ஒரு ஒயர் இருந்ததே இல்லை, மேடம் பதற்றத்தில் தவறாகப் பார்த்திருக்கலாம் என்றான். ஐயப்பனுக்கு ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் மெயினை அடித்ததும்தான் தெரியும், ஒயரைப் பற்றித் தெரியாது. என் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு, அவ்வளவுதான். மீதமிருந்தது ஜமால் பாய். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஜெனரேட்டர் மாற்றுச் சுவிட்ச் வழியாகத்தான் ஓடியது என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அவர் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தம்மா சொல்றது உண்மை" என்றார். "ஒயரை இந்தத் தம்பி அனுப்பின ஆளுங்கதான் மாத்தினாங்க. பொத்தானை அமுக்கினது நான். மெயினை இறக்கல. மறந்துட்டேன். நண்டு கெட்டுப்போயிடும்னு அதே நெனப்பா இருந்தேன்."

மேலதிகாரி குறுக்கிட்டார். "பாய், யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மேல கேஸ் வரும்."

"வரட்டும் சார். அந்த மனுசனுக்குக் கை போச்சு. அவன் மேல போட்டு எழுதுனா அல்லா என்னைச் சும்மா வுட மாட்டான்."

அவர் மேல் அதுவரை எனக்கிருந்த கோபம் அன்றோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறையில் இருந்த ஆண்களில் ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

என்ன ஆயிற்று? வேல்முருகன் மேல் போட்ட பழி நீங்கியது. ஜமால் பாய் மேல் வழக்கு வந்தது, கூடத்துக்கு மின் இணைப்பைத் துண்டித்தோம், வெகுநாள் பூட்டிக் கிடந்தது. கம்பெனிக்கு ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை! கொஞ்ச நாளில் வேறு பெயர்ப் பலகையோடு, அதே ஆட்களோடு, அதே பேச்சோடு பக்கத்து வட்டத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி பதவி உயர்வில் போனார். எனக்கு மாற்றல் வந்தது, களத்துக்கே போகத் தேவையில்லாத ஒரு கிடங்குக்கு. அங்கே அலமாரியில், உறைகூடப் பிரிக்காத எர்த் ராடுகள் வரிசையாக நின்றன. முதல் நாள் அவற்றின் முன்னால் நின்று அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. அடுத்த நாள் என்னென்ன தாள் வேண்டுமோ அத்தனையும் நானே எழுதி, ஒவ்வொரு பிரிவுக்கும் லாரியில் ஏற்றி அனுப்பினேன். யார் கேட்டு அனுப்பினீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கொடுத்தேன்.

போன மாதம் ஓய்வூதிய வேலையாகச் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புகார் தொலைபேசிப் பிரிவு பக்கத்து அறை. வேல்முருகனுக்கு இப்போது அங்கேதான் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். அதற்குள் போன் அடித்தது. இடது கையால் எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். ஏதோ ஒரு பேக்கரிக்காரர். கரண்டு இல்லை, எப்போது ஆள் வரும் என்று கேட்கிறார்.

"ஆள் வருவாங்க. உங்க கடையில ஜெனரேட்டர் இருக்கா? சோலார்?" என்று வேல்முருகன் கேட்டார். "ரெண்டும் இருக்கா? மெயின இறக்கிட்டீங்களா?"

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. அதெல்லாம் உனக்கு எதற்கு, கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான், ஆளை அனுப்புய்யா.

"போய் இறக்குங்க. இறக்கிட்டு வந்து சொல்லுங்க."

மறுபடியும் கத்தல். உன் பெயர் என்ன, மேலே புகார் கொடுப்பேன் என்று கேட்டது. இந்த ஆளால் ஒவ்வொரு அழைப்பும் தாமதமாகிறது என்று ஏற்கெனவே புகார்கள் உண்டாம். புதிதாக வந்த அதிகாரி இருமுறை கூப்பிட்டுக் கண்டித்தாராம்.

வேல்முருகன் தன் பெயரைச் சொன்னார். பிறகு குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னார்:

"புகார் குடுங்க சார். ஆனா நீங்க போய் மெயின இறக்குற வரைக்கும் என் ஆளு கம்பத்துல ஏற மாட்டான். போய் இறக்குங்க. நான் போனை வைக்கல, லைன்லயே இருக்கேன்."